364 நைட்டியும் ஒரு வாண்டும்

இலையுதிர் காலம்னு ஸ்கூல் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. மஞ்சள் இலை, சிவப்பு இலையெல்லாம் மெதுவா கீழ விழும்னு. எங்க தளவாய்புரத்துல அந்த மாசங்கள்ல அப்படி எதுவும் விழாது. ஐப்பசி, கார்த்திகைக்குப் பழைய தமிழ்ல கூதிர் காலம்னு பேரு. மழை பிடிச்சா மேற்குப் பக்கம் மலையே காணாமப் போயிடும். கொடியில போட்ட துணி ரெண்டு நாளானாலும் ஈரமாவே தொங்கும். அந்த நேரம் பார்த்து வீட்டுல ஒரு கைக்குழந்தையும் இருந்தா... ஒரு நாளைக்கு எத்தனை துணி நனையும்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும் :-)

எங்க வீட்டு வாண்டு என் அக்கா பையன். 2025 தீபாவளி சமயத்துல அவனுக்கு ஒன்றேகால் வயசு. மாமாவுக்குத் திருப்பூர்ல வேலை. பிரசவத்துக்கு வந்த அக்கா எங்க கூடவே இருந்தா. அப்பா ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில ஷிப்ட் பார்க்கிறார். நான் பி.காம்.

எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ராஜபாளையத்துக்குப் பால்கோவா இல்ல, அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. ராஜபாளையத்துக்கு நாய். எங்களுக்கு நைட்டி. சிரிக்காதீங்க. தெருவுக்குத் தெரு மிஷின் சத்தம் கேட்கும். வெட்டின துணியைக் கட்டுக் கட்டா வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவாங்க. தைச்சுக் கொடுத்தா பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. (எவ்வளவுன்னு இங்க சொல்லமாட்டேன். அம்மா திட்டுவாங்க.)

எங்க வீட்டு முன்னறையில ரெண்டு மோட்டார் மிஷின். ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு அக்காவுக்கு. நடுவுல விட்டத்துல அம்மாவோட பழைய சேலையில கட்டின தொட்டில். வாண்டு தொட்டில்ல கிடந்த வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. மிஷின் சத்தம்தான் அவனுக்குத் தாலாட்டு. கரண்ட் போய்ச் சத்தம் நின்னா முழிச்சுக்குவான்!

ஆவணியில எழுந்து நின்னான். புரட்டாசியில நடந்தான். வந்தது வினை. பாபின் எல்லாம் அவனுக்கு உருட்டி விளையாடுற சக்கரம். பட்டன் எல்லாம் மிட்டாய். இஞ்ச் டேப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டு டெய்லர் மாதிரி உலாத்துவான். தைச்சு அடுக்கின நைட்டிக் குவியலுக்குள்ள புகுந்து படுத்துக்குவான், வீடே தேடும். "டர்ர்ர்"னு மிஷின் மாதிரி சத்தம் போடுறதுதான் அவன் பேசின முதல் வார்த்தைன்னு அக்கா இன்னைக்கும் சொல்லுவா.

கேட்க ஜாலியா இருக்கும். ஆனா கத்திரிக்கோலும் ஊசியும் கிடக்கிற அறையில ஒருத்தர் கண்ணு எப்பவும் அவன் மேலயே இருக்கணும். அதாவது, ரெண்டு மிஷின்ல ஒண்ணு எப்பவும் சும்மா நிக்கணும். அதுவும் தீபாவளி சரக்கு குவியிற நேரத்துல.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் இடி, மழை, கரண்ட் கட். அக்கா மிஷின் சுவிட்சை அணைக்கல. இருந்த வெளிச்சத்துல நூல் கோத்து வச்சிடலாம்னு செல்போன் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊசிப் பக்கம் குனிஞ்சிருந்தா. அம்மா மெழுகுவத்தி எடுக்க அடுப்படிக்குப் போனாங்க. நான் திண்ணையில உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தேன். வாண்டு மேஜைக்கு அடியில பெடல் மேல ஏறி உட்கார்ந்திருக்கான். யாரும் கவனிக்கல.

கரண்ட் வந்துச்சு.

மிஷின் ஓடுச்சு. ஊசி அக்காவோட ஆள்காட்டி விரல் நகத்துக்குள்ள இறங்கி உடைஞ்சது. அக்கா கத்துறா. அடியில இவன் மிஷின் சத்தம் கேட்டு கைதட்டிச் சிரிக்கிறான். அவன் விரலா இருந்திருந்தா? அந்தக் கேள்வியை அன்னைக்கு ராத்திரி யாரும் வாய்விட்டுக் கேட்கல. ஆனா யாரும் தூங்கவும் இல்ல.

ஊசித் துண்டை எடுத்து, டிடி ஊசி போட்டு, விரல்ல கட்டோட அக்கா வந்தா. நாலு நாள் தைக்க முடியாது. அம்மா ராத்திரி பகலா உட்கார்ந்தாங்க. வாண்டைப் பார்த்துக்கிற வேலை எனக்கு. காலேஜுக்கு லீவு போட்டேன். அதுல ஒரு நாள் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் டெஸ்ட் வேற.

முதல் நாள் பத்து மணிக்கே எனக்கு இடுப்பு ஒடிஞ்சது. சோறு ஊட்ட ஒரு மணி நேரம். அதுல பாதி என் சட்டையில. கழுவி விட்டா அடுத்த நிமிஷம் மழைத்தண்ணியில உட்கார்ந்திருப்பான். இருமல் வேற, கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு எடுத்துக் கொடுத்தா மூஞ்சிலயே துப்புவான். அவன் தூங்கினா நானும் தூங்கலாம்னு பார்த்தா, அப்பத்தான் துணி துவைக்கணும். மூணு மணிக்கு மணி பார்த்தா ஒரு வேலையும் செய்யாத மாதிரியும் இருந்துச்சு, செத்துப்போன மாதிரியும் இருந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை. தெருவுல போற வர்றவங்க எல்லாம் "பாரேன், ஆம்பளப் பிள்ளை எவ்வளவு பொறுப்பாப் பார்த்துக்கிறான்!"னு பாராட்டுறாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ரெண்டாம் நாள்தான் உறைச்சது. ஒன்றேகால் வருஷமா அம்மா இதைத்தான் செஞ்சாங்க. ஒருத்தரும் நின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

மூணாம் நாள் ராத்திரி அம்மா பீஸ் கணக்கு எழுதுற நோட்டை எடுத்தேன். வாண்டு நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மிஷினும் சேர்ந்து ஒரு நாளைக்கு 40 நைட்டி. அதுக்கப்புறம் சராசரி 26. குறைஞ்சது 14, முழுக்க முழுக்க அம்மா மிஷின்ல. ஏன்னா எழுந்து ஓடினது அம்மாதான். அக்கா கட்டோட இருந்த நாளை விட்டுட்டு அந்த சீசன்ல வேலை நாள் 26. 14ஐ 26ஆல பெருக்கினா 364 நைட்டி.

காமர்ஸ் பசங்களுக்கு இது தெரியும். வாய்ப்புச் செலவு! ஒண்ணைச் செய்யறதுக்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதோட விலை. இந்த டெபனிஷனை ரெண்டு தடவை பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். எங்க வீட்டு முன்னறையிலேயே அது உட்கார்ந்திருந்தது தெரியல.

இன்னும் பெரிய நோட்டுலயும் இதே கதைதான். தேச வருமானக் கணக்குல, வீட்டு ஆளுங்களுக்குச் சம்பளம் இல்லாம செய்யற சமையல், பிள்ளை வளர்ப்பு எதுவும் சேராது. ஆர்தர் பிகுன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1920ல வந்த புத்தகத்துலயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கார். சம்பளத்துக்கு வீட்டைப் பார்த்துக்கிற பெண்ணை முதலாளி கல்யாணம் பண்ணிக்கிட்டா, வேலை அதேதான், ஆனா தேச வருமானம் குறைஞ்சிடும்! 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. வீட்டு வேலை செய்யறவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். வீட்டுல உள்ளவங்களைக் கவனிச்சுக்கிறதுல பெண்கள் 134, ஆண்கள் 76. எங்க அப்பாவும் நானும் அந்த 97க்கே வருவோமான்னு சந்தேகம்.

சட்டம் எதுவும் இல்லையான்னு கேட்பீங்க. 2017ல பேறுகால உதவிச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும்னாங்க. நல்ல விஷயம். ஆனா வீட்டுலயே பீஸ் கூலிக்குத் தைக்கிறவங்களுக்கு எந்த முதலாளி காப்பகம் கட்டுவார்? 1975லேர்ந்து இருக்கிற அங்கன்வாடிதான் எங்களுக்கு நம்பிக்கை. ஆனா அங்க உட்கார வைக்க ரெண்டு வயசு முடியணும். அதுவரைக்கும் சத்துமாவு மட்டும் வீட்டுக்கு வரும். நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் இருக்கிற அந்த இடைவெளியில யார் பார்க்கிறது? வீட்டுல இருக்கிற பாட்டிதான். 2023 செப்டம்பர்ல தமிழக அரசு மாசம் 1000 ரூபாய்த் திட்டம் தொடங்கினப்ப அதுக்கு "உதவித்தொகை"ன்னு பேர் வைக்காம "உரிமைத்தொகை"ன்னு வச்சாங்க. ஏன்னு அந்த நாலு நாள்ல எனக்குப் புரிஞ்சது.

அந்தத் தீபாவளி, அக்டோபர் 20, கொஞ்சம் சுருக்கமாத்தான் போச்சு. ஒரு கட்டைத் தைக்க முடியாமத் திருப்பிக் கொடுத்தோம். வாண்டு வெடிச் சத்தத்துக்குப் பயந்து அம்மா இடுப்பை விட்டு இறங்கல. டிசம்பர் 3, திருக்கார்த்திகைக்குள்ள ஓடவே ஆரம்பிச்சிட்டான். வாசல்ல வச்ச அகல் விளக்கை ஒவ்வொண்ணா "ஊ"ன்னு ஊதி அணைக்க, பின்னாடியே நான் ஏத்திக்கிட்டே போனேன்.

மாறினது ரெண்டு விஷயம். ஒண்ணு, ரெண்டு மிஷினுக்கும் சுவிட்சை அவனுக்கு எட்டாத உயரத்துல மாத்தினோம். கரண்ட் போனா முதல்ல அதை அணைக்கணும், அப்புறம்தான் மெழுகுவத்தி. ரெண்டு, சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் வாண்டு என் பொறுப்புன்னு ஆயிடுச்சு. அந்த மூணு மணி நேரம் அம்மா மிஷின் ஓடும்.

நோட்டுல அம்மா பேருக்கு நேரா 364ன்னு எழுதினதை அம்மாகிட்டயே காட்டினேன். "பேரப்பிள்ளையைப் பார்க்கிறதுக்கெல்லாமாடா கணக்கு எழுதுவ?"ன்னு நோட்டைப் பிடுங்கி வச்சிட்டாங்க. சரி, கோவம் போலன்னு எழுந்து வந்துட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து குரல் வந்துச்சு.

"எத்தனைன்னுடா சொன்ன?"