நாக்கும் நாலு படி அரிசியும்

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்ட புண்ணியவான் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். பி.காம். படித்த காலத்தில் நான் மனசார அனுஷ்டித்த ஒரே விரதம் அது.

இப்போது எழுதிப் பிழைக்கிறேன். வாசம், புதுச்சேரி வைத்திக்குப்பம். மாசி மகத்துக்கு ஊர் ஊராகச் சாமிகள் வந்து இறங்கும் கடற்கரை. எழுத்துக்குப் படியளக்கிறவள் யார் என்று கொஞ்சம் விசாரித்து வைப்போமே என்று பழைய நூல்களைப் புரட்டினேன்.

ரிக் வேதத்தில் சரஸ்வதி பெரிய நதி, நதியான தெய்வம். வீணை, புத்தகமெல்லாம் பிற்பாடு வந்தவை. பேச்சுக்கு 'வாக்' என்று தனியாக ஒரு தேவி. பத்தாம் மண்டலத்தில் 125-வது சூக்தம், எட்டே பாட்டு. முழுக்க 'நான், நான்' என்று அவளே பேசுகிறாள். நடுவில் ஒரு போடு போடுகிறாள் பாருங்கள்: மனுஷன் சோறு தின்பதே என்னால்தானாம்! அப்புறம் பிராமண நூல்களில் வாக்கும் சரஸ்வதியும் ஒருத்தியே என்று இரண்டு கம்பெனியையும் இணைத்துவிட்டார்கள்.

பேச்சுக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம மணிமேகலை கொஞ்சம் வெளிச்சம் காட்டுகிறது. மதுரையில் சிந்தாதேவி கோயில். அவள் கலைகளுக்கு அதிதேவதை. நடுராத்திரி, நல்ல மழை. பசியோடு வந்து நிற்கிறவர்களுக்குக் கொடுக்க ஆபுத்திரனிடம் ஒரு பருக்கை இல்லை, துடித்துப் போகிறான். தேவி ஏடும் எழுத்தாணியும் நீட்டவில்லை. அள்ள அள்ளக் குறையாத சோற்றுப் பாத்திரத்தை நீட்டினாள்.

நான் ஏட்டில் தேடியது எதிர்வீட்டு மீன்கார அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கூடையில் பாதிகூட நிரம்பாது. வீட்டில் நாலு வயிறு.

"போட்டு கடலுக்குப் போனதும் குடுத்துர்றேன் அண்ணாச்சி!"

அவ்வளவுதான். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. மளிகைக்கடை அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் அரிசி அளக்கிறார். ஜூன் கடைசிக்குள் பைசா பாக்கியில்லாமல் வந்துவிடுகிறது. ஒரு வருஷம் காதுத் தோட்டை அடகு வைத்துக்கூடக் கட்டியிருக்கிறார்.

அந்தத் தைரியத்தில் நானும் ஒருநாள் கேட்டேன். "சன்மானம் வந்ததும் தந்துடறேன் அண்ணாச்சி."

அவர் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எழுதுறேன்னு சொல்றீங்களே சார்... சம்பளம் எங்க வாங்குறீங்க?"