சாயாத படகு

"உட்கார வைத்தால் சரிந்துவிடுகிற ஆளை இதில் ஏற்ற முடியுமா அண்ணே?"

தேக்கடி ஏரிக்கரையில் மூங்கில் தெப்பம் கட்டும் பளியர் பழங்குடிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். என் தம்பிக்குக் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுவிட்டது. விரல் மடங்காது, இடுப்பு நிற்காது. எந்தப் படகைப் பார்த்தாலும் அவன் உடம்பை அதில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

அவர் பதில் சொல்லாமல் தெப்பத்தின் ஓரத்தில் போய் நின்றார். லேசாக அமிழ்ந்தது, அவ்வளவுதான். "கணுவுக்குக் கணு காத்து அடைச்சிருக்கு சார். ஒண்ணு வெடிச்சாலும் மத்தது தாங்கும். அகலமா இருக்கு, சாயாது. ஆளு மட்டும் தாழ உக்காரணும்." முற்றின மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்பதும் அவர் கணக்கு. தண்ணீரில் ஊறி ஊறி மூங்கில் கனத்துவிடும்போது பழையதைக் கழித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள்.

தாழ உட்காருவது சின்ன விஷயமல்ல. இதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எடை மேலே ஏறி ஒரு பக்கம் குவிந்தால் படகு மன்னிக்காது.

ஆஸ்திரேலியாவில் உருவான ஹான்ஸா பாய்மரப் படகுகள் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. ஓட்டுபவர் படகின் அடிவயிற்றில், முன்னோக்கிய இருக்கையில் அமர்கிறார். கீழே இறங்கும் நடுப்பலகையில் எடை சேர்த்திருப்பார்கள். சாதாரணப் பாய்ப்படகில் காற்றுக்கு ஏற்ப ஆள் பக்கம் மாறி உட்கார வேண்டும். இதில் வேண்டாம், சமநிலை படகின் பொறுப்பு. சுக்கானுக்கு ஒரு சிறு நெம்புகோல், கையே வராதவருக்கு மின் மோட்டார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஹிலரி லிஸ்டர் என்ற பெண், வேறு வகைப் படகில், குழல்களை உறிஞ்சியும் ஊதியும் சுக்கானையும் பாயையும் இயக்கி, 2009இல் பிரிட்டனைத் தனியாகச் சுற்றிவந்தார். துணிச்சல் பற்றியே பேசுகிறோம்; அந்தக் குழலைப் பொருத்திய கைகளைப் பற்றியும் பேச வேண்டும். 2000 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இருந்த பாய்மர ஓட்டத்தைப் பிறகு எடுத்துவிட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

ஹான்ஸா படகைத் தேக்கடியில் இறக்கலாமா? தெப்பக்காரர் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மரக்கட்டைகளைக் காட்டினார். இந்த ஏரிக்கான அணையை 1895இல் கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். நடுப்பலகை அதில் மோதும். இங்கே தெப்பம்தான் சரி. பாய்ப்படகுக்கு என் மனசு பாலக்காட்டுப் பக்கம் போகிறது. சென்னை மாகாண அரசு தொடங்கிய மலம்புழா அணை 1955இல் முடிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பக்கத்திலேயே அந்த நீர்ப்பரப்பு கிடக்கிறது.

எந்த அணையிலும் தண்ணீர் ஏறி இறங்கும். படகில் ஏறச் சிமெண்டுச் சரிவு போட்டால் கோடையில் சக்கர நாற்காலி சேற்றில் நிற்கும். தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை மேடையும், ஆளைத் தூக்கி இறக்கும் கருவியும் வேண்டும். செலவு முழுக்க அங்கேதான்.

தேக்கடியில் தம்பிக்காக ஒரு சாய்வு நாற்காலியைத் தெப்பத்தோடு பிணைக்கலாமா என்று தெப்பக்காரரிடம் கேட்டேன்.

"நாற்காலியை எவ்வளவு வேணா இறுக்கிக் கட்டலாம் சார். ஆளை அப்படிக் கட்டக்கூடாது. கவுந்தா தம்பி அதோடயே போயிடுவாரு." ஒரு நுனியை இழுத்தால் முழுதும் அவிழ்கிற முடிச்சைப் போட்டுக் காட்டினார். அந்த நுனி தம்பியிடம் அல்ல, பக்கத்தில் துடுப்புப் போடுகிறவர் கைக்கு எட்ட இருக்க வேண்டும் என்றார்.