தானாக நில்லாதவை

தூத்துக்குடித் துறைமுகத்தினுள் பெருங்கப்பல் ஒன்று நுழைவதைக் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டு கிடக்கும் அலைதடுப்புச் சுவர்களைத் தாண்டியதும், அது அசைகின்றதா நிற்கின்றதா என்றே ஐயம் எழும். ஆயினும் இழுவைப் படகுகள் அதனைப் பற்றிக்கொண்டே வருகின்றன. இத்துணை மெதுவாக வருவதற்கு எதற்கு இத்தனை காவல்?

நாம் குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் அரிஸ்டாட்டிலின் பாடம் ஒன்று உண்டு: அசைவது எதுவும் பிறிதொன்றால் அசைக்கப்படுகின்றது; அசைப்பது நின்றால் அசைவும் நிற்கும். கடற்கரையில் பிறந்தோர்க்கு இதில் மறுப்பேது? துடுப்பை நிறுத்தினால் கட்டுமரம் நின்றுவிடும். கனமானது விரைந்து விழும் என்றும் அவர் கூறினார். 1961-இல் இங்கு இறுதியாக நடந்த முத்துக்குளிப்பு வரையிலும், குளிப்போர் கனத்த கல்லின் கயிற்றில் காலூன்றித்தானே விரைந்து ஆழம் சேர்ந்தனர்! கடலே அரிஸ்டாட்டிலுக்குச் சாட்சி சொன்னது. ஆனால் அச்சாட்சியம் நீரின் தடையைப் பற்றியது; இயக்கத்தைப் பற்றியதன்று.

பதினான்காம் நூற்றாண்டில் பாரிசில் கற்பித்த குருகுலத்தவரான ஜான் புரிடான், எறியப்பட்ட பொருளில் பதிந்த உந்துதல் தடையின்றேல் நீடிக்கும் என்றார். கலிலேயோ அவ்வழியே மேலும் நடந்தார். 1687-இல் நியூட்டன் அதனை விதியாக்கினார்: புறவிசை தாக்காதவரை, நிற்பது நின்றுகொண்டிருக்கும், செல்வது நேர்கோட்டில் அதே வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். இதனையே நிலைமம் என்கிறோம். இதனால் புனித தோமா அக்குவினாசின் ‘முதல் வழி’ பொய்த்தது என்போர் உளர். அவர் கூறிய இயக்கம், ஆற்றல்நிலை செயல்நிலையாகும் மாற்றம் அனைத்தையும் குறிப்பது. அது வேறு வழக்கு.

தேர் வடம் பிடித்தோர் நிலைமத்தை அறிவர். முதல் அசைவுக்குப் பெரும்பாடு; அசைந்தபின் நிறுத்துவதற்கும் முட்டுக்கட்டை வேண்டும். கப்பலுக்கோ முட்டுக்கட்டை இல்லை. 50,000 டன் கப்பல் நொடிக்கு 1 மீட்டர், அதாவது நாம் ஆறுதலாக நடக்கும் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். 50 டன் இழுவிசையுள்ள படகு ஒன்று முழுமூச்சாய்ப் பின்னிழுத்தாலும், நிற்க ஏறத்தாழ 100 நொடிகள் ஆகும்; அதற்குள் 50 மீட்டர் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால் தூரம் 200 மீட்டர். வேகம் குறைவென்று கண் சொல்லும். நிறையைக் கண் அறியாது.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. மீன்பிடி தளத்தில், மெதுவாக நெருங்கும் விசைப்படகைக் காலால் உந்தித் தடுக்க முயன்ற இளைஞர் ஒருவரை மருத்துவமனைக் கட்டிலில் கண்டோம். “மெல்லத்தானே சாமி வந்தது” என்றார். 10 டன் படகு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வந்தால், அதனை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்த ஏறத்தாழ 1,250 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். மூன்றாம் விதிப்படி, படகைத் தள்ளும் விசை முழுவதும் காலின்மேலும் திரும்பும். எந்த எலும்பு தாங்கும்?

படகின் விலாவில் பழைய லாரி டயர்கள் தொங்குவது இதற்காகவே. டயர் அமுங்கி, நிற்கும் தூரத்தை நீட்டித் தருகின்றது. தூரம் இரட்டித்தால் விசை பாதியாகும். படகு கட்டும் முதியோரைக் கவனியுங்கள். கயிற்றைக் குற்றியில் இருமுறை சுற்றி, இறுகப் பிடியாமல், சிறிது சிறிதாக நழுவவிட்டே படகை நிறுத்துகின்றனர். காலை அவர்கள் நீட்டுவதே இல்லை.