ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

டிசம்பர் 7, 2024, சனி. இரவு 11.40

ஏழு மணியிலிருந்து இதே நிலைதான். பட்டனை அழுத்தினால் எல்லா ஃபேனும் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது.

2018-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ரைசன் 5 1600, பி350 போர்டு, 8 ஜிபி ரேம். இத்தனை வருடமாகப் புத்தக வடிவமைப்பு முழுக்க இதில்தான். இப்போதெல்லாம் இன்டிசைனில் முந்நூறு பக்கக் கோப்பைத் திறந்தால் திணறுகிறது. 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிற்கப்போகிறது. விண்டோஸ் 11-க்கான ப்ராசஸர் பட்டியலில் 1600 இல்லை. புது மெஷினுக்குப் பணம் கிடையாது. ஏஎம்4 சாக்கெட் என்பதால் அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும் என்று தெரிந்து அதை வாங்கினேன். கூடவே 8 ஜிபி ரேம் இரண்டு, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டியதால் இப்போது கோளாறு எதில் என்று பிடிபடவில்லை.

ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போட்டேன். ஒன்றை மட்டும் போட்டேன், இடம் மாற்றிப் போட்டேன். சிமோஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ப்ராசஸருக்குப் போகும் எட்டு முள் பவர் வயரை அழுத்திப் பார்த்தேன். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது; மானிட்டர் வயர் கார்டில்தான் செருகியிருக்கிறது. எல்லாம் சரி.

போர்டின் ஓரத்தில் அரிசி அளவுகூட இல்லாத நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கின்றன: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். பதினொரு மணிக்குத்தான் குனிந்து பார்த்தேன். சிபியு.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டிய நூல் பாதியில் நிற்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருபது வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த வட்டாரச் சொற்கள். கோப்பு பழைய எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கிறது, ஆனாலும் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

சர்வீஸ் அண்ணனுக்குக் காலையிலேயே போன் போட்டேன்.

“என்ன ப்ராசஸர் போட்ட?”

“5600 அண்ணே.”

“போர்டு எப்ப வாங்குனது? பயாஸ் ஏத்துனியா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை.

“பழசைத் திரும்ப மாட்டுப்பா. டிஸ்ப்ளே வரட்டும். மத்ததெல்லாம் அப்புறம்.”

பயாஸ் என்பது போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் எழுதி வைத்த நிரல். ஆன் செய்ததும் முதலில் விழிப்பது அதுதான். ப்ராசஸர் இன்னது என்று கண்டுகொண்ட பிறகே மற்றவற்றை எழுப்பும். 2018-இல் எழுதிய நிரலுக்கு 2022-இல் வெளிவந்த 5600-ஐ எப்படித் தெரியும்? சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். சில போர்டுகளில் ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்ற ஒரு பட்டன் உண்டு. என் போர்டில் இல்லை. பழைய 1600 உயிரோடு இருந்தால்தான் வழி.

நேற்று கூலரைத் தூக்கியபோது, காய்ந்த தெர்மல் பேஸ்டில் ஒட்டிக்கொண்டு 1600-ம் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய சூட்டில் கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுத்திருக்க வேண்டும். வந்ததை டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்திருந்தேன். இன்று பிரித்துப் பார்த்தால் கீழ் வரிசை ஓரத்தில் இரண்டு முள் சாய்ந்திருக்கின்றன. ஏஎம்4-இல் முட்கள் ப்ராசஸரிலேயே இருக்கும், மொத்தம் 1331. ஒன்று ஒடிந்தாலும் ஓடும் என்ற உறுதி இல்லை.

மகளின் பென் பென்சிலை வாங்கி, உள்ளே இருந்த குச்சியை எடுத்துவிட்டேன். 0.5 மி.மீ. துளை. ஜன்னல் வெளிச்சத்தில் ப்ராசஸரைப் பக்கவாட்டில் பிடித்தால் முட்கள் நாற்று நட்ட வயல் போல நேர்கோடாகத் தெரிகின்றன. சாய்ந்தது உடனே கண்ணில் படும். துளையை அதன்மேல் இறக்கி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். ஒரேயடியாக வளைத்தால் அடியோடு வந்துவிடும். முதல் முள்ளுக்குப் பத்து நிமிடம். இரண்டாவது தரையோடு படுத்திருந்தது. ஊசி முனையால் கொஞ்சம் தூக்கிய பிறகே துளைக்குள் நுழைந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

சாக்கெட்டில் வைத்தேன். தள்ளாமலே, தன் எடையில் உள்ளே இறங்கியது. பேஸ்ட், கூலர், பழைய ரேம். பட்டன். போர்டு கம்பெனியின் லோகோ மானிட்டரில் வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் இல்லை. பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே வீண். அதனால் மாலையில் கரண்ட் வந்து ஒரு மணி நேரம் நிலையாக நின்ற பிறகு, யுபிஎஸ் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்கினேன். நேரே புதிய பதிப்புக்குத் தாவக் கூடாது, இடையில் ஒன்றை ஏற்ற வேண்டும் என்று போர்டின் டவுன்லோட் பக்கத்தில் குறிப்பு இருந்தது. எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவ், இரண்டு முறை. சதவீதம் ஏறி முடியும்வரை மேசைப் பக்கம் யாரையும் வரவிடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக. 5600 மட்டும்: டிஸ்ப்ளே வந்தது. புது ரேம்: இரண்டு முறை தானே அணைந்து எரிந்து, 16 ஜிபி என்று காட்டியது. புது எஸ்எஸ்டி: பெயர் தெரிந்தது. ஆனால் விண்டோஸ் வரவில்லை, பூட் டிரைவ் இல்லை என்கிறது. நேற்றைய பதற்றம் இன்று இல்லை. பயாஸ் ஏறியதும் பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். பழைய எஸ்எஸ்டியில் இருக்கும் என் விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் போட்டது. அதற்கு பயாஸில் சிஎஸ்எம் என்ற செட்டிங் ஆனில் இருக்க வேண்டும். போட்டேன். வந்தது.

இன்டிசைன் 214-ஆம் பக்கத்தில் திறந்தது. விட்ட இடம் அதுதான். ‘கம்மாய்’ என்ற சொல்லுக்கு ஆசிரியர் எழுதிய விளக்கம்.

5600 வந்த பிளாஸ்டிக் கூட்டில் 1600-ஐ வைத்து மூடி, மேலே ஒட்டுத்தாளில் எழுதினேன்: கீழ் வரிசை, ஓரத்தில் இரண்டு முள் நிமிர்த்தியது. ஓடுகிறது.