சைக்கிளுக்கு பெர்த் இல்லை

நம் ஊர் ரயில்களில் மனிதர்களுக்கு ஓர் எண் கிடைக்கிறது. எஸ்-4, 25, லோயர் பெர்த். வெயிட்டிங் லிஸ்டில் கிடந்தாலும் அதற்கும் ஓர் எண் உண்டு. அது ஒவ்வொன்றாகக் குறைவதை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சைக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. டிக்கெட் எடுக்கும் செயலியில் எங்கே தேடினாலும் ‘கூட ஒரு சைக்கிளும் வருகிறது’ என்று டிக் அடிக்க ஒரு கட்டம் இருக்காது. பெயர், வயது, பாலினம், பெர்த் விருப்பம் எல்லாம் கேட்பார்கள். அதோடு சரி.

ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ சாமான் இலவசம். இரண்டடுக்கு ஏசி என்றால் 50, முதல் வகுப்பு ஏசி என்றால் 70. ஆனால் ஸ்கூட்டரும் சைக்கிளும் இந்தக் கணக்கில் சேராது. நீங்கள் கைவீசிக்கொண்டு ஏறினாலும், சைக்கிளுக்குத் தனியாகப் பணம் கட்டியே ஆக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று பார்சல்: டிக்கெட்டே தேவையில்லை, சைக்கிள் மட்டும் போகும், எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில் போகும். இன்னொன்று லக்கேஜ்: உங்கள் டிக்கெட்டைக் காட்டி, நீங்கள் போகிற அதே வண்டியின் பிரேக் வேனில் ஏற்றுவது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வாசல், ஒரே தராசு, ஒரே கோணிச் சாக்கு வாசனை. வித்தியாசம் ‘அதே வண்டி’ என்கிற இரண்டு சொற்களில் இருக்கிறது. என் அப்பாவுக்கு அந்த இரண்டு சொற்கள்தான் முக்கியமாக இருந்தன.

அப்பா வீரவநல்லூரில் வாழை இலை வியாபாரம் பார்த்தவர். விடிவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய், அறுத்த இலையைக் கட்டுக்கட்டாக கேரியரில் அடுக்கி, பழைய டியூப் கயிற்றால் இறுக்கி, கல்யாண வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் போடுவார். 1984இல் வாங்கிய ஹெர்குலிஸ். அறுநூறு ரூபாய்க்கு வாங்கியதாகச் சொல்வார். அந்த சைக்கிளின் பார் கம்பிக்கு அடியில் காலை விட்டு, குரங்கு பெடல் போட்டுத்தான் நானும் அண்ணனும் ஓட்டக் கற்றுக்கொண்டோம். அம்மா போன பிறகு மூன்று வருடம் அப்பா தனியாகவே இருந்தார். போன ஐப்பசியில் வாசல் நடையில் மயங்கி விழுந்தார். பக்கத்து வீட்டு அத்தை பார்த்து போன் பண்ணியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இனித் தனியாக விடக் கூடாது என்று முடிவாயிற்று. பெங்களூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் இடமில்லை. அம்பத்தூரில் நான் இருக்கிற இரண்டறை வாடகை வீட்டுக்குக் கூட்டிவருவது என்று பேசி முடித்தோம்.

பேசி முடித்தது நாங்கள்தான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

“நான் வாரேன். சைக்கிளும் வரணும்.”

அண்ணன் போனில் சிரித்தான். “ஏம்ப்பா, எழுவத்தோரு வயசுல மெட்ராஸ் டிராபிக்ல சைக்கிளா? வித்துரலாம். வேணும்னா அங்க போய் நல்ல லைட் வெயிட்டா ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“சரி, பின்னால பார்சல்ல போட்டு விடலாம்ப்பா” என்று நான் சொன்னேன்.

அப்பா இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “ஏ பிள்ள, இது போனா வேற சைக்கிள் வாங்கிக்கிடலாம். எனக்கு இதுதான் வேணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா அங்க வந்து எறங்குன பெறவு நீங்க வாங்கித் தரமாட்டிய. இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லுவிய. அப்புறம் ‘இப்ப எதுக்குப்பா’ம்பிய. நான் எறங்கும்போது அதுவும் எறங்கணும்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அண்ணன் அப்படித்தான் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு மனிதரை அவருடைய ஊரிலிருந்து பெயர்த்து எடுக்கும்போது, அவர் இனி யாரையும் கேட்காமல் பால் வாங்கப் போகலாமா, முடிவெட்டிக்கொள்ளப் போகலாமா என்பதை எல்லாம் யார் முடிவு செய்வது? அப்பா அந்தக் கேள்வியை லக்கேஜா பார்சலா என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

எனவே நான் விதிகளைப் படிக்கத் தொடங்கினேன்.

திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நடுவே 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. பகல் வண்டி, வயதானவருக்கு வசதி. ஆனால் அதில் சாமான் ஏற்றும் பெட்டியே கிடையாது. புதிய வண்டிகள் மனிதர்களை மட்டும் சுமப்பதற்கென்று செய்யப்பட்டவை. பழைய மாதிரி எக்ஸ்பிரஸ்களில்தான் எஸ்எல்ஆர் பெட்டி உண்டு. கார்டு இருப்பாரே, கொடி ஆட்டுவாரே, அந்தப் பெட்டி. 2022லிருந்து அவர் பதவிப் பெயர் ‘டிரெயின் மேனேஜர்’ என்று மாறிவிட்டது; நம் வாயில் இன்னும் கார்டுதான். கொஞ்சம் உட்கார இடம், கொஞ்சம் சரக்கு வைக்க இடம், ஒரு மூலையில் கார்டு. அந்தச் சரக்கு இடத்திலும் ஒரு பகுதியைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது உண்டு. மீன் பெட்டி, பூக்கூடை, துணி மூட்டை எல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் நம் சைக்கிள். அதனால் நடுவழி ஸ்டேஷனில் ஏற்றுவதைவிட வண்டி புறப்படும் ஸ்டேஷனில் ஏற்றுவது நல்லது. இடமும் இருக்கும், நேரமும் இருக்கும். இரண்டு நிமிடம் நிற்கிற ஸ்டேஷனில் ஒரு சைக்கிளை ஏற்றவோ இறக்கவோ யாருக்கும் பொறுமை கிடையாது. இப்படி எல்லாம் பார்த்து நெல்லை எக்ஸ்பிரஸ் என்று முடிவானது. திருநெல்வேலியில் புறப்பட்டு எழும்பூரில் முடிகிற வண்டி. இரண்டு முனையும் நமக்கு வசதி.

ஜெர்மனியில் படிக்கும் தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்பட்டாள். அங்கே தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட், தனி ரிசர்வேஷன், தனி இட எண். 2017இல் ஓடத் தொடங்கிய ஐசிஇ 4 வண்டிகளில் 8 சைக்கிள்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். மடக்கு சைக்கிளை மடக்கிவிட்டால் அது வெறும் பை, காசில்லை. கோடை விடுமுறையில் மனிதர்களுக்கு சீட் இருக்கும், சைக்கிளுக்கு இருக்காது. அதனால் முதலில் சைக்கிளுக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் பயணத் தேதியையே முடிவு செய்வாளாம். அந்த இடம் வண்டியின் ஒரு கோடியில் இருக்கும். வண்டி 300 மீட்டருக்கு மேல் நீளம். பெட்டி வரிசை தலைகீழாக வந்துவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிளாட்பார நீளத்துக்கும் ஓட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூனிலிருந்து நடைமுறைக்கு வந்த பயணிகள் உரிமை விதி, புதிதாக வாங்கும் ரயில்களில் பொதுவாகக் குறைந்தது 4 சைக்கிள்களுக்காவது இடம் வேண்டும் என்கிறது.

4 என்பது சின்ன எண்தான். ஆனால் அந்த விதிப் புத்தகத்தில் சைக்கிள் இருப்பது பயணிகளின் உரிமை என்ற தலைப்பின் கீழ். நம்மிடம் அது சரக்குக் கணக்கில் இருக்கிறது. சைக்கிளோடு வருகிறவர் அங்கே ஒரு வகைப் பயணி. இங்கே அவர் ஒரு பயணி, கூடவே ஒரு சரக்கு அனுப்புகிறவர். இத்தனைக்கும் ஆலைக்கும் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிளில் போய்த்தான் நம் ஊர் மூன்று தலைமுறையாக எழுந்து நிற்கிறது.

புறப்படும் நாள் காலையில் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். 30 கிலோமீட்டர் போல வரும். அப்பாவே ஓட்டுவதாக அடம்பிடித்தார். டாக்டர் பெயரைச் சொல்லித்தான் பஸ்ஸில் ஏற்றினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. பத்தமடையில் டீ குடித்தபோது கடைக்காரர் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “டைனமோ ஓடுதாம்மா?” என்று கேட்டார். ஓடியது. சுடிதார் நுனி செயின் கவரில் மாட்டாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். முன்னீர்ப்பள்ளம் வருவதற்குள் தொடை விட்டுப்போயிற்று. இலைக்கட்டு எதுவும் இல்லாத வெறும் கேரியரோடு எனக்கு இந்தப் பாடு.

பார்சல் ஆபீஸ் வாசலில் அப்பா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மீட்டர்கேஜ் காலத்தில் இலைக்கட்டு அனுப்பிய பழக்கம்; அங்கே அவர் புது ஆள் மாதிரியே இல்லை. வெளியே சாக்குத் தைத்துக் கட்டுகிறவரோடு ஏற்கெனவே சிநேகமாகியிருந்தார். இருவருமாகச் சேர்ந்து ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்து, பெடலைக் கழற்றி, டைனமோவுக்கும் முன் விளக்குக்கும் வைக்கோல் வைத்துச் சாக்கு சுற்றினார்கள். மேலே ஒரு துணியைத் தைத்து, மார்க்கர் பேனாவால் பெயர், ‘திருநெல்வேலி – சென்னை எழும்பூர்’, வண்டியின் பெயர் எல்லாம் எழுதினோம். ரசீது எண்ணுக்கு இடம் விட்டோம்.

தராசு 24 கிலோ காட்டியது. கவுன்ட்டரில் இருந்தவர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மதிப்பு ஏதும் போடணுமாம்மா?”

இதையும் படித்திருந்தேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, ஊழியர் ஒருவர் புக் செய்து ரசீது கொடுத்தால்தான் லக்கேஜுக்கு ரயில்வே பொறுப்பு. அந்தப் பொறுப்புக்கும் எல்லை உண்டு: மதிப்பை அறிவிக்காவிட்டால், தொலைந்துபோனால் கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கென்று கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அதாவது அப்பாவின் சைக்கிள் 2,400 ரூபாய்.

நான் பத்தாயிரம் போடலாமா என்று யோசித்தேன். நாற்பது வருடம். இரண்டு பிள்ளைகளின் காலேஜ் பீஸ். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போன தூரம். எனக்குள் எண் ஏறிக்கொண்டே போனது.

“கிலோ கணக்கா?” என்றார் அப்பா. “இலையக்கூட நாங்க கட்டு, பூட்டுன்னு எண்ணித்தான் விப்போம்.” கவுன்ட்டர்காரர் சிரித்துவிட்டார். “அய்யா, நீங்களே சொல்லுங்க, எவ்வளவு போடட்டும்?”

“ஒண்ணும் போடாண்டாம். பழைய சைக்கிளுக்கு ரெண்டாயிரத்து நானூறே ஜாஸ்தி. அதுக்குக் கெட்டுத துட்டுல ரெண்டு டயர் மாத்திரலாம். நீங்க இந்த வண்டில ஏறும்னு மட்டும் சொல்லுங்க.”

“ஏறிரும்யா. வேன்ல எடம் கெடக்கு.”

ரசீதை அப்பா வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ரயில் டிக்கெட் என் போனில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ராத்திரி வண்டி புறப்படும் முன் பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தோம். இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி வேனுக்குள் சாய்த்து வைத்தார்கள். மதுரையில் வண்டி நின்றபோது முழித்தேன். அப்பா லோயர் பெர்த்தில் இல்லை. கதவோரம் நின்று, பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எறக்கிரப் போறானுவோன்னு பாக்கேன்” என்றார். வண்டி நகர்ந்த பிறகுதான் வந்து படுத்தார். திண்டுக்கல்லில் நான் பார்த்தபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழும்பூரில் விடிந்தும் விடியாத நேரம். ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டதும் சாக்குச் சுற்றிய சைக்கிள் வந்தது. அங்கேயே பெடலை மாட்ட வேண்டும் என்றார் அப்பா. வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்குள் ஸ்பேனர் வெளியே வந்துவிட்டது. பையில், சட்டைகளுக்கு மேலே அதை வைத்திருந்தார். ஹெர்குலிஸ் செய்த டிஐ சைக்கிள்ஸ் ஆலை 1949இல் தொடங்கியதே அம்பத்தூரில்தான் என்று லோடு ஆட்டோவில் போகும்போது சொன்னேன். “அப்ப சொந்த ஊருக்குத்தான் வந்திருக்கு” என்றார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு, அவர் தன்னைச் சேர்த்துச் சொல்லவில்லை என்பது மட்டும் கேட்டது.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. அண்ணன் வந்திருந்தபோது, எதிர்பார்த்த மாதிரியே, “இந்த டிராபிக்ல எதுக்குப்பா” என்றான். சைக்கிள் அப்போது வாசலில் இல்லை. அப்பாவும் இல்லை. காலை ஐந்தரைக்குப் போய் ஏழு மணிக்கு வருவார்; பெரிய சாலைக்குப் போவதில்லை, உள்தெருக்கள் மட்டும். அதை நாங்கள் சொல்லவில்லை, அவரே வைத்துக்கொண்ட கணக்கு. அன்றைக்கு ஏழேகாலுக்கு வந்தார். கேரியரில் பத்து வாழை இலை. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, இந்த ஊரில் இலையை விற்கிற விலையையும், அதை நறுக்கியிருக்கிற லட்சணத்தையும் பற்றி, அண்ணன் தோசை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தார்.