காத்தாடி ஊரில் ஒரு வெந்நீர்க் கணக்கு!

சங்கரன்கோவில்ல பஸ் ஏறி, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிற மேலநீலிதநல்லூர்ல இறங்கினா, முதல் வரவேற்பு காத்துதான்! செங்கோட்டைக் கணவாய்க்குள்ள புகுந்து வர்ற தென்மேற்குப் பருவக்காற்று, மே முதல் செப்டம்பர் வரை இந்த வட்டாரத்தையே புரட்டிப் போடும். அதை நம்பித்தான் சுத்துவட்டாரத்துல அத்தனை காத்தாடிகள்!

'அப்போ ஊருக்கே கரன்ட் ஃப்ரீயா?'னு கேட்காதீங்க. அந்த மின்சாரம் துணைமின் நிலையம் வழியா பொது கிரிட்டுக்குப் போயிடும். வீட்டுக்கு வர்றது மீட்டர் வழியாத்தான் பாஸ்!

வீட்டுக்குனு மிச்சம் இருக்கிறது மொட்டைமாடி வெயில். குட்டியா ஒரு கணக்கு... 100 லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, கரன்ட் ஹீட்டர் சுமார் 3.5 யூனிட் முழுங்கும். சோலார் ஹீட்டருக்கு அது சும்மா! சூடான தண்ணி லேசாகி, தானே தொட்டிக்கு ஏறிடும், மோட்டாரே வேண்டாம்.

ஆனா, விலை இடிக்குது. 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்துல, 1 கிலோவாட் மின்சார பேனலுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. வெந்நீர்த் தொட்டிக்குக் கிடையாது. ஓட்டு வீட்டுக்காரங்க அந்தத் தொட்டியை எங்கே ஏத்துவாங்க?

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையுற மக்களே... முற்றத்துல வைக்கிற மாதிரி, சல்லிசா ஒரு வெந்நீர்த் தொட்டி செஞ்சு காட்டுங்களேன். வெயில் ரெடி!