சிரிக்க வைப்பவனின் கணக்கு

2015 ஜனவரியில், ஸ்டார் ட்ரெக் வரிசையின் அடுத்த படத்துக்கு டக் ஜங்குடன் சேர்ந்து சைமன் பெக் திரைக்கதை எழுதுகிறார் என்ற செய்தி வந்தபோது ரசிகர்களில் ஒரு சாராருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பெக் ஒன்றும் அந்நியர் அல்ல. 2009 முதல் எஞ்சினியர் ஸ்காட்டியாக நடித்துவந்தவர்தான். ஆனால் பேனா பிடித்தால் அது 'ஷான் ஆஃப் த டெட்' எழுதிய கை. ஊரெல்லாம் பிணங்கள் எழுந்து நடமாடும்போது, வழக்கமாகப் போகும் மதுக்கடையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று திட்டம் போடும் ஆட்களைப் படைத்தவர். போதாக்குறைக்கு, முந்தைய திரைக்கதை மிதமிஞ்சி ஸ்டார் ட்ரெக்காக இருப்பதாக ஸ்டூடியோ கருதியதென்று அவரே ஒரு பேட்டியில் போட்டு உடைத்தார். தொடரின் ஐம்பதாம் ஆண்டு நெருங்கும் நேரத்தில் குலதெய்வத்தைக் கோமாளியிடம் ஒப்படைக்கிறார்களே என்பதுதான் வருத்தத்தின் சாரம். பயம் நியாயமானது, யாரைக் கண்டு பயந்தார்கள் என்பதுதான் தவறு. ஒரு கற்பனை உலகத்தின் சட்டதிட்டங்களை நகைச்சுவை எழுத்தாளன் அளவுக்குக் கறாராகக் காப்பவன் வேறு யாருமில்லை என்பது என் கட்சி.

சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். மூலத் தொலைக்காட்சித் தொடரில் 1967 டிசம்பரில் ஒளிபரப்பான 'ட்ரிப்பிள்' அத்தியாயம் போதும். டேவிட் ஜெரால்ட் என்ற இளைஞர் விற்ற முதல் திரைக்கதை அது. ட்ரிப்பிள் என்பது முகமோ காலோ இல்லாத, கையில் எடுத்தால் பூனைபோலக் குறுகுறுக்கும் ரோமப் பந்து. தின்பதும் குட்டி போடுவதும் தவிர வேறு ஜோலி கிடையாது. விண்வெளி நிலையத்தின் தானியக் கிடங்கைத் திறக்கிறார் கேப்டன் கர்க். மேலேயிருந்து அத்தனை பந்துகளும் கொட்டி அவரை மார்புவரை புதைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தபடி இருக்கின்றன. பக்கத்தில் நிற்கும், தர்க்கமே உயிரான துணை அதிகாரி ஸ்பாக், மொத்தம் 17,71,561 இருக்கும் என்கிறார். வாய்க்கு வந்த எண் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ட்ரிப்பிள், ஈற்றுக்குப் பத்துக் குட்டி, 12 மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மூன்று நாள் என்று அவரே விளக்கம் தருகிறார். ஒன்று பத்துப் போட்டால் தாயோடு சேர்த்து 11, அந்தப் பதினொன்றும் ஆளுக்குப் பத்துப் போட்டால் 121, பிறகு 1,331, 14,641, 1,61,051, ஆறாவது தலைமுறையில் மிகச் சரியாக 17,71,561. ஒரு குட்டியும் சாகவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்த விடை வரும் என்று குற்றம் சொல்லலாம். ஆனால் முழங்கையால் போர்வையைத் தள்ளுவதுபோல ரோமப் பந்துகளை ஒதுக்கிக்கொண்டு கர்க் நிற்க, பக்கத்தில் ஒருவர் 11-இன் ஆறாம் அடுக்கைத் துல்லியமாகச் சொல்வதில்தான் சிரிப்பே இருக்கிறது. எண்ணைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் அவர் ஸ்பாக் அல்ல, காட்சியும் பிசுபிசுத்திருக்கும். அந்தப் பந்துகள் வெறும் கேலிப் பொருளும் அல்ல. தானியத்தைத் தின்றவை செத்துக் கிடப்பதை வைத்துத்தான் அதில் விஷம் கலந்திருப்பது தெரியவருகிறது. ஒருவனைக் கண்டு அவை சீறுவதை வைத்துத்தான் அவன் எதிரி இனத்துக் கிளிங்கான் ஒற்றன் என்பது அம்பலமாகிறது. நகைச்சுவையை உருவினால் கதையும் கூடவே வந்துவிடும்.

அப்படியானால் சிரிப்பு இந்த வரிசையைக் கெடுத்ததே இல்லையா? கெடுத்திருக்கிறது. 1986-இல் திமிங்கிலங்களைத் தேடி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்த நான்காவது படம் கலகலப்பாக ஓடி நல்ல வசூல் செய்தது. அந்த ருசியில் 1989-இல் வந்த ஐந்தாவது படத்திலும் சிரிப்பு வேண்டும் என்று ஸ்டூடியோ கேட்டது. விளைவு, இந்தக் கப்பல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற பொருளில் ஸ்காட்டி பெருமையடித்துவிட்டு, அடுத்த நொடியே உத்தரத்தில் மண்டையை மோதிக்கொண்டு சாய்கிறார். கப்பலே உயிரென்று இருபது வருஷம் வாழ்ந்த மனிதரை ஒரு அரைச் சிரிப்புக்காக அசடாக்கியாயிற்று. கவனியுங்கள்: அந்தப் படத்தை எழுதிய டேவிட் லாஃப்ரி நகைச்சுவைக்குப் பேர்போனவர் அல்ல. சிரிப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு, ஒரு பாத்திரம் எதைச் செய்யாது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். வெளியிலிருந்து உத்தரவு வந்ததென்று சிரிப்பைத் தூவுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பெக் எழுதிய 'ஸ்டார் ட்ரெக் பியாண்ட்' 2016-இல் வந்தது. அதில் நினைவில் தங்குவது, வயிற்றில் காயத்தோடு கிடக்கும் ஸ்பாக்கும் வாய் ஓயாமல் முணுமுணுக்கும் டாக்டர் மெக்காயும் ஒரு வேற்றுக் கிரகத்தில் தனியே மாட்டிக்கொள்ளும் பகுதி. எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள், தனியாகச் சாகவில்லை என்ற ஆறுதலாவது மிஞ்சியதே என்கிறார் மெக்காய். சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்திலிருந்த ஸ்பாக்கைக் கப்பல் ஒளிக்கற்றையில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இருவரின் சுபாவம், ஐம்பது ஆண்டு ஊடல், அந்தப் பயணக் கருவியின் இயல்பு எல்லாம் ஒரே நொடியில் வேலை செய்கின்றன. முதிய ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் 2015 பிப்ரவரியில் காலமானார். படத்தில் இளைய ஸ்பாக், முதிய ஸ்பாக் விட்டுச்சென்ற பேழையைத் திறந்து பழைய குழுவின் புகைப்படத்தைப் பார்க்கும் இடமும் இதே எழுத்தாளர்களின் படத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு கிண்டலும் இல்லை. கப்பல் குழுவைச் சேர்ந்த உஹூராவின் கழுத்துமாலையில் உள்ள கல்லுக்குப் பெயர் வேண்டியிருந்தபோது பெக் கேட்டது, ஸ்டார் ட்ரெக் கலைக்களஞ்சியமான மெமரி ஆல்ஃபாவை நடத்தும் ரசிகர்களிடம். அவர்கள் 'வொகாயா' என்று பெயர் சூட்டி, ஸ்பாக்கின் இனமான வல்கன்களின் மொழியில் அதன் பூர்வோத்தரத்தையும் எழுதி அனுப்பினார்கள்.

பீஸ்டி பாய்ஸ் பாட்டை அலறவிட்டு எதிரிக் கூட்டத்தைச் சிதறடிக்கிறார்களே, அது என்ன கறார் என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டம் தகவல் அலையால்தான் ஒருங்கிணைகிறது, அலையைக் குழப்பினால் குலையும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கும் அது கொஞ்சம் மெலிந்த கயிறாகத்தான் படுகிறது. ஆனாலும் அறுந்த கயிறு அல்ல. முந்தைய படத்தைவிட வசூல் குறைந்தது என்பதும் உண்மை. அதற்கு நகைச்சுவைதான் காரணம் என்று அந்தத் தொகையை வைத்து நிரூபிக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், படத்தைச் சுற்றி எழுந்த பெரிய சர்ச்சை சிரிப்பைப் பற்றியதே அல்ல. கப்பலை ஓட்டும் சுலுவுக்கு ஒரு கணவனும் மகளும் இருப்பதாகக் காட்டினார்கள். பழைய சுலுவாக நடித்த, தானும் தன்பாலீர்ப்பாளரான ஜார்ஜ் டக்கேயைக் கௌரவிக்கத்தான் அது. டக்கேயோ, தொடரை உருவாக்கிய ராடன்பெரி படைத்த சுலு அப்படிப்பட்டவர் அல்ல, மூலத்தை மாற்றியது வருந்தத்தக்கது என்றார். ரசிகர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிடித்தார்கள்: புதிய படங்களின் கதைப்படி காலவரிசை இரண்டாகப் பிரிவது 2233-இல், சுலு அதற்கு முன்பே பிறந்தவராயிற்றே, பிறகெப்படி இரண்டு சுலு? பெக் ஜோக்கடித்து நழுவவில்லை. டக்கேயிடம் மரியாதையோடு மாறுபட்டார். ரசிகர்களுக்கோ, காலம் நேர்கோடு அல்ல, 2009 படத்தின் வில்லன் நீரோவின் கப்பல் உண்டாக்கிய பிளவு முன்னோக்கி மட்டுமின்றிப் பின்னோக்கியும் அலையாகப் பரவியிருக்கும், ஆகவே அதற்கு முந்தைய உலகமும் வேறாக இருக்கலாம் என்று மிகுந்த சிரத்தையோடு சட்ட விளக்கம் எழுதினார்.